நாட்டின் கணக்கை எப்படிப் போடுகிறார்கள்? ஜிடிபி, விலைவாசி, வேலை, வறுமை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதம் ஒருமுறை விலைவாசி எண் வருகிறது, காலாண்டுக்கு ஒருமுறை ஜிடிபி வருகிறது. வந்த அரை மணி நேரத்தில் ஒரு சாரார் நாடு பறக்கிறது என்கிறார்கள், இன்னொரு சாரார் எல்லாம் பொய்க்கணக்கு என்கிறார்கள். அந்த எண்ணுக்குள் எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்று பார்த்தால் இரண்டு பேச்சும் கொஞ்சம் அடங்கும். இந்திய அரசின் புள்ளிவிவரங்களைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இங்கே.

ஜிடிபி என்றால் சுருக்கமாக என்ன?

மொத்த உள்நாட்டு உற்பத்தி: ஓர் ஆண்டில் நாட்டு எல்லைக்குள் புதிதாக உண்டான பொருள்கள், சேவைகளின் பண மதிப்பு. ‘புதிதாக’ என்பதைக் கவனியுங்கள். ஒரு விவசாயி 2,000 ரூபாய்க்கு நெல் விற்கிறார். ஆலைக்காரர் அதை அரிசியாக்கி 2,800க்கு விற்கிறார். ஓட்டல்காரர் அந்த அரிசியில் இட்லி ஊற்றி 7,000 ரூபாய்க்கு வியாபாரம் பார்க்கிறார். மூன்றையும் கூட்டினால் 11,800 வரும், ஆனால் அதே நெல் மூன்று முறை எண்ணப்பட்டிருக்கும். எனவே ஒவ்வொருவரும் கூடுதலாகச் சேர்த்த மதிப்பை மட்டும் எடுக்கிறார்கள்: 2,000, 800, 4,200. ஆக 7,000. (விதை, உரம், உளுந்து, கேஸ் செலவையெல்லாம் இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.) இப்படி எல்லாத் துறைகளிலும் கூட்டியதோடு பொருள்கள் மீதான வரியைச் சேர்த்து மானியத்தைக் கழித்தால் ஜிடிபி.

பழைய வீட்டை விற்றாலோ பங்கு வாங்கினாலோ ஜிடிபி ஏறாது. சொத்து கைமாறியதே தவிர புதிதாக எதுவும் உண்டாகவில்லை. தரகருக்குக் கொடுத்த கமிஷன் மட்டும் சேரும்.

இதை யார் கணக்கிடுகிறார்கள்?

மத்தியப் புள்ளியியல் மற்றும் திட்ட அமலாக்க அமைச்சகத்தின் கீழ் உள்ள தேசியப் புள்ளியியல் அலுவலகம். சுதந்திரம் வந்த கையோடு, 1949இல், புள்ளியியலாளர் பி.சி. மகலனோபிஸ் தலைமையில் தேசிய வருமானக் குழு ஒன்று அமைந்தது. பொருளியலாளர்கள் டி.ஆர். காட்கிலும் வி.கே.ஆர்.வி. ராவும் உறுப்பினர்கள். அடுத்த ஆண்டே தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. மாநில அளவில் இந்த வேலையைப் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறைகள் பார்க்கின்றன.

தனிநபர் வருமானம் ஆண்டுக்கு 2 லட்சம் என்கிறார்கள். எங்கள் வீட்டில் நான்கு பேர். அந்த 8 லட்சம் எங்கே?

நியாயமான கேள்வி. 2011-12ஐ அடிப்படை ஆண்டாக (மற்ற ஆண்டுகளை ஒப்பிட அளவுகோலாக வைத்த ஆண்டு) கொண்ட தொடரில், 2024-25க்கான தனிநபர் நிகர தேசிய வருமானம் சுமார் 2.05 லட்சம் ரூபாய் என்று மதிப்பிட்டார்கள். பெயரில் ‘தனிநபர்’ இருப்பதால் சம்பளம் மாதிரி ஒலிக்கிறது. ஆனால் அது நாட்டின் மொத்த வருமானத்தை மக்கள்தொகையால் வகுத்த ஈவு. அந்த மொத்தத்தில் கம்பெனிகள் பங்குதாரருக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்ட லாபம் இருக்கிறது, அரசுக்குப் போகும் வரி இருக்கிறது. சொந்த வீட்டில் குடியிருப்பவர் தனக்குத்தானே கொடுப்பதாகக் கருதப்படும் உத்தேச வாடகைகூட இருக்கிறது. இவையெல்லாம் உங்கள் கைக்கு வரும் காசல்ல.

அதைவிடப் பெரிய விஷயம், சராசரி. மேலே இருக்கும் சிலருடைய வருமானம் சராசரியை இழுத்துத் தூக்கிவிடும். வரிசையில் நடுவில் நிற்பவரின் வருமானம் என்ன என்று இந்த எண் சொல்லவே சொல்லாது. அதற்கு வீட்டு வருமானத்தை நேரடியாகக் கேட்கும் ஆய்வு வேண்டும். இந்தியாவில் பல்லாண்டு காலமாக வருமானத்துக்குப் பதிலாகச் செலவைத்தான் கேட்டுவந்தார்கள். வருமானத்தைக் கேட்டால் யார் சரியாகச் சொல்வார்கள்?

ரசீதே போடாத டீக்கடை, தையல்கடை எல்லாம் கணக்கில் வருகிறதா?

வருகிறது. ஆனால் எப்படி வருகிறது என்பதில்தான் இந்திய ஜிடிபியின் பலவீனமான இடம் இருக்கிறது.

பதிவான கம்பெனிகள் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்கின்றன, எடுத்துக்கொள்ளலாம். தெருமுனைத் தையல்காரர் எதையும் தாக்கல் செய்வதில்லை. 2011-12 தொடரில் என்ன செய்தார்கள் என்றால், மாதிரி ஆய்வின் மூலம் இப்படிப்பட்ட தொழிலில் ஓர் ஆள் ஆண்டுக்கு எவ்வளவு மதிப்பு உண்டாக்குகிறார் என்று கண்டுபிடித்து, அதை அத்தொழிலில் உள்ள ஆட்களின் எண்ணிக்கையால் பெருக்கினார்கள். அப்புறம் வந்த ஆண்டுகளுக்கு அந்த அடிப்படை எண்ணை வேறு குறிகாட்டிகளைக் கொண்டு நகர்த்தினார்கள். அவற்றில் பல அமைப்புசார்ந்த துறையிலிருந்து வந்தவை. பெரிய கம்பெனிகள் 8% வளர்ந்தால் சின்னக் கடைகளும் ஏறக்குறைய அப்படியே வளர்ந்திருக்கும் என்ற ஊகம் அதில் ஒளிந்திருக்கிறது.

சாதாரணக் காலத்தில் இது பெரிய குற்றமில்லை. 2016 நவம்பர் போன்ற ஒன்று நடந்தால்? பணமதிப்பிழப்பில் ரொக்கத்தை நம்பிய கடைகள் அடிவாங்கின. அந்த வியாபாரத்தில் ஒரு பகுதி பெரிய கடைகளுக்குப் போயிருந்தால், பெரியவர்களின் வளர்ச்சியைக் கொண்டு சிறியவர்களை அளக்கும் முறை உண்மைக்கு நேர் எதிராகக் காட்டும். 2016-17க்கு முதலில் சொன்ன வளர்ச்சி 7.1%. 2019 ஜனவரியில் அதை 8.2% ஆகத் திருத்தினார்கள். பணமதிப்பிழப்பு நடந்த ஆண்டுதான் சிறந்த ஆண்டுகளில் ஒன்று என்பதைப் பலரால் நம்ப முடியாததற்கு இதுவே காரணம். என்னாலும் நம்ப முடியவில்லை. யாரோ உட்கார்ந்து எண்ணை மாற்றினார்கள் என்று இதற்குப் பொருளில்லை. அளவுகோல் அந்த மாதிரி அதிர்ச்சியைப் பார்க்கும்படி செய்யப்படவில்லை, அவ்வளவுதான்.

இப்போது நிலைமை கொஞ்சம் தேவலை. முன்பு ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடந்த இந்தச் சிறுதொழில் ஆய்வு 2021-22 முதல் ஆண்டுதோறும் நடக்கிறது. 2023-24 ஆய்வின்படி விவசாயம் தவிர்த்த பதிவுபெறாத நிறுவனங்கள் 7.34 கோடி, அவற்றில் வேலை செய்வோர் 12.06 கோடி.

வயலில் விளைந்தது எவ்வளவு என்று எப்படித் தெரியும்?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. குறுக்குவழியே கிடையாது, அறுத்து எடை போட்டுத்தான் பார்க்கிறார்கள். கிராமம், சர்வே எண், வயல் எல்லாமே குலுக்கல் முறையில் தேர்வாகும். வயலின் தென்மேற்கு மூலையில் தொடங்கி, சமவாய்ப்பு எண் பட்டியலில் வந்தபடி நீளத்தில் இத்தனை தப்படி, அகலத்தில் இத்தனை தப்படி நடந்து முளைக்குச்சி அடிப்பார்கள். அங்கிருந்து கயிறு பிடித்து, பெரும்பாலும் 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம். அதற்குள் இருப்பதை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுவார்கள். ஈரப்பதம் கழிக்க ஒரு பகுதியைக் காயவைத்து மறுபடி எடை போடுவதும் உண்டு.

சதுரம் விழுந்த இடத்தில் பயிர் கருகிக் கிடந்தாலும் நகர்த்தக் கூடாது. பக்கத்தில் கதிர் செழிப்பாக நிற்கும்போது அங்கே குச்சியடிக்கக் கை துறுதுறுக்கும். பயிர்க் காப்பீட்டு இழப்பீடும் இந்தச் சோதனையை வைத்தே தீர்மானமாவதால், குறைவாக வரட்டும் என்று விரும்புகிறவர்களும் சுற்றி நிற்பார்கள். அந்த வெயிலில், அந்தக் கூட்டத்துக்கு நடுவில், குச்சியைச் சரியான இடத்தில் அடிக்கும் ஊழியரை நம்பித்தான் நாட்டின் நெல் உற்பத்திக் கணக்கு நிற்கிறது.

வீட்டில் சமைப்பது, துவைப்பது, பிள்ளை வளர்ப்பது ஏன் ஜிடிபியில் இல்லை?

ஐ.நா. வகுத்த தேசியக் கணக்கு விதிகளின்படி, வீட்டார் தங்களுக்காகச் செய்துகொள்ளும் சேவைகள் உற்பத்தி எல்லைக்கு வெளியே. விவசாயி வீட்டுக்கென ஒதுக்கிவைத்த நெல் உள்ளே வரும். சொந்த வீட்டின் உத்தேச வாடகையும் உள்ளே வரும். விறகு பொறுக்குவதும் தண்ணீர் சுமப்பதும்கூட உள்ளே. அந்த விறகில் சமைப்பது வெளியே! சமையலுக்கு ஆள் வைத்துச் சம்பளம் கொடுத்தால் உடனே உள்ளே வந்துவிடும். சந்தை விலை இல்லை, கொள்கை வகுக்க உதவாது என்று காரணம் சொல்வார்கள். உத்தேச வாடகைக்கு மட்டும் விலை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் தடுமாறும்.

ஜிடிபியில் சேர்க்காவிட்டாலும் அளக்கிறார்கள். 1998-99இல் ஆறு மாநிலங்களில் சோதனை முறையில் நேரப் பயன்பாட்டு ஆய்வு நடந்தது, தமிழ்நாடு அதில் ஒன்று. நாடு தழுவிய ஆய்வு 2019இலும் 2024இலும் நடந்தது. முதல் நாள் காலை 4 மணி தொடங்கி மறுநாள் காலை 4 மணிவரை, அரை மணி நேரத் துண்டுகளாக ‘என்ன செய்துகொண்டிருந்தீர்கள்’ என்று கேட்பார்கள். குழம்பு கொதிக்கும்போதே பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தால் இரண்டையும் குறிக்க இடம் உண்டு. 2024 ஆய்வில், ஊதியமில்லா வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்டது 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். இது வீட்டுவேலையில் கைவைக்கும் ஆண்களின் கணக்கு. கையே வைக்காதவர்களையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் 88 இன்னும் சுருங்கிவிடும்.

ஓர் ஆண்டின் வளர்ச்சியை ஏன் நாலு தடவை மாற்றுகிறார்கள்?

2023-24ஐப் பாருங்கள். முதல் முன்மதிப்பீடு 7.3%, இரண்டாவது 7.6%, 2024 மே மாதத் தற்காலிக மதிப்பீடு 8.2%, 2025 பிப்ரவரியில் திருத்தியபோது 9.2%. முதல் மதிப்பீடு ஆண்டு முடியும் முன்பே, ஜனவரியில், பட்ஜெட்டுக்காகப் போடப்படுகிறது. அப்போது கையில் இருப்பது சில மாதத் தரவுகள். கம்பெனிகளின் முழு ஆண்டறிக்கை, அரசுகளின் இறுதிச் செலவுக் கணக்கு, விளைச்சல் கணக்கு எல்லாம் வந்து சேர ஒன்றிரண்டு ஆண்டு பிடிக்கும். திருத்தாமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். தலைப்புச் செய்தியாவது என்னவோ முதல் எண் மட்டும்தான். திருத்தம் வரும்போது பத்திரிகைகள் வேறு செய்திக்குப் போயிருக்கும்.

2025 அக்டோபரில் பணவீக்கம் கால் சதவீதம் என்றார்கள். கடைக்குப் போனால் அப்படித் தெரியவில்லையே?

2025 அக்டோபரில் நுகர்வோர் விலைப் பணவீக்கம் 0.25%, அந்தத் தொடரிலேயே மிகக் குறைந்த அளவு. இதற்குப் பொருள், 2024 அக்டோபரில் 100 ரூபாய்க்கு வாங்கிய கூடை (குடும்பங்கள் வழக்கமாக வாங்கும் பொருள்கள், சேவைகளின் பட்டியல்) 2025 அக்டோபரில் 100 ரூபாய் 25 காசு. அதற்கு முன் ஏறிய விலையெல்லாம் ஏறியபடியே நின்றது, மேற்கொண்டு அவ்வளவாக ஏறவில்லை. மக்கள் மனதில் வைத்திருக்கும் ‘நியாய விலை’ கொரோனாவுக்கு முந்தையது. புள்ளியியலாளர் ஒப்பிடுவது போன ஆண்டோடு. இரண்டு பேரும் உண்மைதான் பேசுகிறார்கள்.

அடுத்து, அந்தக் கூடை யாருடையது? 2012 அடிப்படைத் தொடரில் 1,181 கிராமங்களிலும் 1,114 நகரச் சந்தைகளிலும் மாதந்தோறும் விலை எடுத்தார்கள். அதே கடை, அதே தரம், அதே அளவு. கூடையில் உணவு, பானங்களின் பங்கு 45.86%. இந்தப் பங்கெல்லாம் 2011-12 செலவு ஆய்விலிருந்து வந்தவை. அதனால்தான் ஸ்மார்ட்போன் காலத்திலும் கூடையில் ஆடியோ கேசட் கிடந்தது. உங்கள் வீட்டில் சாப்பாட்டுச் செலவு சம்பளத்தில் கால் பங்கு, பள்ளிக் கட்டணமும் ஆஸ்பத்திரியும் வீட்டுக்கடனும் மீதி என்றால், காய்கறி விலை இறங்கியதால் குறைந்த பணவீக்கம் உங்களை எட்டியே பார்க்காது.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2023 ஜூலையில் தக்காளி விலை ஓராண்டில் மூன்று மடங்கானது, சென்னை ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்க வேண்டிவந்தது. கூடையில் தக்காளியின் பங்கு வெறும் 0.57%. அந்தத் துளிப் பங்கும் மற்ற காய்கறிகளும் சேர்ந்து மொத்தப் பணவீக்கத்தை 7.44%க்குத் தூக்கின. ரிசர்வ் வங்கியின் இலக்கு 4%, இரண்டு புள்ளி ஏறலாம், இரண்டு புள்ளி இறங்கலாம். வட்டியை ஏற்றினால் தக்காளி சீக்கிரம் பழுக்காது என்பது அவர்களுக்கும் தெரியும்.

பழைய கூடைக்குப் பதிலாக 2024ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டு, 2023-24 செலவு ஆய்வின்படி புதிய கூடை அமைத்திருக்கிறார்கள். ஜிடிபிக்கு 2022-23. இரண்டுமே பத்தாண்டுக்கு மேல் கழித்து வந்த மாற்றம்.

என் வீட்டுக்கு யாரும் வந்ததே இல்லை. 140 கோடிப் பேரை எப்படி அளக்க முடியும்?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரிதான், பானை முழுக்க ஒரே மாதிரி வெந்திருந்தால். நாடு அப்படி வேகவில்லை. ஆகவே முதலில் அடுக்குகளாகப் பிரிப்பார்கள். 2022-23 செலவு ஆய்வில் தேர்வான ஒவ்வொரு கிராமத்திலும் நகரப் பகுதியிலும் முதலில் எல்லா வீடுகளையும் பட்டியலிட்டார்கள். கிராமமானால் நிலத்தின் அளவை வைத்துப் பிரித்தார்கள். நகரமானால் 10 லட்சத்துக்கு மேல் விலையுள்ள கார் இருக்கும் வீடுகள் தனி அடுக்கு. அப்புறம் ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் சில வீடுகளைக் குலுக்கி எடுத்தார்கள். நாடு முழுக்க 2,61,746 வீடுகள். நாட்டுக்கும் பெரிய மாநிலங்களுக்கும் இது தாராளம். ஒரு தாலுகாவைப் பற்றிச் சொல்ல உதவாது.

கேள்வித்தாள் நீளமாகிவிட்டதால் ஒரே வீட்டுக்கு மூன்று முறை போனார்கள்: உணவுக்கு ஒருமுறை, பிற செலவுகளுக்கு ஒருமுறை, நீடித்த பொருள்களுக்கு ஒருமுறை. கிடைத்த விடை: ஒருவரின் மாதச் செலவு கிராமத்தில் 3,773 ரூபாய், நகரத்தில் 6,459 ரூபாய். தமிழ்நாட்டில் 5,310, 7,630. முந்தைய ஆய்வில் ஒரே தடவையில் எல்லாவற்றையும் கேட்டார்கள். முறை மாறியதால் 2011-12ஐயும் இதையும் பக்கத்தில் வைத்து ‘வறுமை இவ்வளவு குறைந்தது’ என்று கணக்குப் போடும்போது நிதானம் தேவை.

எனக்குக் கவலை வேறிடத்தில். வீடுகளைத் தேர்ந்தெடுக்கும் சட்டகமே (அடிப்படைப் பட்டியல்) கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பான 2011ஐ நம்பியிருக்கிறது. அதற்குப் பின் ஊராட்சி நகராட்சியானது, வயல் லேஅவுட் ஆனது. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கான நாள் 2027 மார்ச் 1.

ரேஷன் அரிசி, பள்ளி சைக்கிள், பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து… இவை எதில் சேரும்?

தமிழ்நாட்டுக்காரர்கள் கேட்டே ஆக வேண்டிய கேள்வி. செலவு ஆய்வு ‘எவ்வளவு செலவழித்தீர்கள்’ என்று கேட்கிறது. இலவசமாக வந்ததற்குச் செலவு பூஜ்யம். எனவே 2022-23இல் இரண்டு எண்கள் தந்தார்கள். ரேஷன் அரிசி, லேப்டாப், சைக்கிள், பள்ளிச் சீருடை போன்றவற்றுக்கு உத்தேச மதிப்புப் போட்டுச் சேர்த்தால் 3,773 என்பது 3,860 ஆகிறது, 6,459 என்பது 6,521 ஆகிறது. ஆனால் அரசுப் பள்ளிப் படிப்புக்கும் அரசு மருத்துவமனை சிகிச்சைக்கும் மதிப்புப் போடவில்லை. பேருந்துக்கும் இல்லை. வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் பேருந்துச் செலவு நின்றுபோனால் அவர் வாழ்க்கை மேம்படுகிறது, ஆய்வில் அந்த வரி பூஜ்யமாகிறது. மிச்சமான காசை வேறெதற்காவது செலவழித்தால்தான் அந்த நன்மை ஆய்வின் கண்ணில் படும். நல்ல பொதுச் சேவை உள்ள மாநிலத்தைச் செலவை வைத்து மட்டும் அளந்தால் குறைத்து மதிப்பிடுவதாகும்.

வாரத்தில் ஒரு மணி நேரம் வேலை பார்த்தாலே ‘வேலையில் இருப்பவர்’ என்பது உண்மையா?

அரசின் வேலைவாய்ப்பு ஆய்வில், கடந்த ஏழு நாளை மட்டும் பார்க்கும் ‘நடப்பு வார’ அளவுகோலில் உண்மை. பன்னாட்டு வழக்கமும் அதுதான். ஜிடிபிக்குள் வரும் எந்த உழைப்பும் விடுபடக் கூடாது என்பதற்காக வைத்த அளவுகோல், வாழ்க்கைப்பாட்டுக்குப் போதுமா என்று பார்க்க வைத்ததல்ல. ஆண்டு முழுமைக்கும் பார்க்கும் ‘வழக்கமான நிலை’ என்று இன்னொன்று உண்டு. 2023-24இல் அதன்படி வேலையின்மை 3.2%. எண் சிறியதாக இருப்பதில் மகிழ ஒன்றுமில்லை. சேமிப்பில்லாதவரால் வேலையில்லாமல் இருக்க முடியாது, எதையாவது செய்துகொண்டுதான் இருப்பார்.

பெண்களின் உழைப்புப் பங்கேற்பு 2017-18இல் 23.3%, 2023-24இல் 41.7%. இந்த ஏற்றத்தில் பெரும்பகுதி சுயதொழில், குடும்ப நிலத்திலோ கடையிலோ சம்பளமில்லாமல் உதவுவது. வேலையின்மை விகிதத்தை விட்டுவிட்டு, மாதச் சம்பளக்காரர் எத்தனை பேர், சம்பளமில்லா உதவியாளர் எத்தனை பேர் என்ற அட்டவணையைப் பாருங்கள். அதே அறிக்கையில்தான் இருக்கிறது.

சரி, நலவாழ்வை எதைக் கொண்டு அளக்கிறார்கள்?

தேசிய வருமானக் கணக்கை அமெரிக்காவில் வடிவமைத்த சைமன் குஸ்நெட்ஸே, வருமானத்தை வைத்து மக்கள் நலனை முடிவுகட்டாதீர்கள் என்று 1934லேயே எச்சரித்தார். 1990இல் வந்த மனித மேம்பாட்டுக் குறியீடு ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்தது. இந்தியாவில் நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் குறியீடு சத்துணவு, கல்வி, கழிப்பறை, சமையல் எரிபொருள், வங்கிக் கணக்கு என 12 குறிகாட்டிகளைப் பார்க்கிறது. தரவு தேசியக் குடும்பநல ஆய்விலிருந்து வருகிறது. 2015-16இல் 24.85% ஆக இருந்த வறுமை 2019-21இல் 14.96%. தமிழ்நாட்டில் 2.20%.

அதே குடும்பநல ஆய்வில் இன்னொரு பக்கத்தைத் திருப்புங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4% பேருக்கு ரத்தசோகை. விரல் நுனியில் குத்தி எடுக்கும் சொட்டு ரத்தம் ரத்தசோகையைக் கூட்டிக்காட்டுகிறது என்ற விமர்சனம் உண்டு. அதைக் கழித்தாலும் இது சின்ன எண்ணாகிவிடாது. 2.20%உம் 53.4%உம் ஒரே ஆய்வில், ஒரே வீடுகளிலிருந்து வந்தவை. வறுமைக் குறியீட்டின் 12இல் ரத்தசோகை இல்லை. வங்கிக் கணக்கு இருக்கிறது, அதில் பணம் இருக்கிறதா என்ற கேள்வி இல்லை.

மகிழ்ச்சியை அளப்பதில்லையா?

வேறு நாடுகள் சில அளக்கின்றன. நம் அரசு ஆய்வுகளில் அதற்குப் பெரிய இடமில்லை. பத்து மதிப்பெண்ணுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று கேட்பதைவிட ரத்தசோகையை ஒழுங்காக அளப்பது முதலில் நடக்கட்டும்.

அரசு தனக்குச் சாதகமாக எண்ணை மாற்றுமா?

நேரடியாக மாற்றுவதைவிட, வெளியிடாமல் வைப்பதே நடந்திருக்கிறது. 2017-18 வேலைவாய்ப்பு அறிக்கை தாமதமானதை ஒட்டி, 2019 ஜனவரியில் தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் இரு உறுப்பினர்கள் விலகினார்கள். வேலையின்மை 6.1% என்ற அந்த அறிக்கை தேர்தல் முடிந்து மே 31 அன்று வந்தது. அதே ஆண்டு நவம்பரில், 2017-18 செலவு ஆய்வைத் தரம் சரியில்லை என்று சொல்லி வெளியிடப்போவதில்லை என்றார்கள். தரம் சந்தேகமாக இருந்தால் குறைகளைச் சொல்லித் தரவை வெளியிட்டிருக்கலாம், ஆய்வாளர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த இடைவெளியால்தான் 2011-12க்கும் 2022-23க்கும் நடுவே நாட்டின் வறுமை என்னவானது என்று ஒரு தலைமுறைப் பொருளியலாளர்கள் ஊகித்துச் சண்டை போட்டார்கள். பிறகு வந்த இரண்டு செலவு ஆய்வுகளின் வீடுவாரித் தரவு பெயர் நீக்கப்பட்டு எல்லோருக்கும் கிடைக்கிறது.

டேப்லெட்டோடு ஒருவர் வந்து ‘போன வாரம் எத்தனை முட்டை வாங்கினீர்கள்’ என்கிறார். சொல்லலாமா?

அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். ஓடிபி, ஏடிஎம் எண் கேட்டால் அவர் கணக்கெடுப்பாளர் இல்லை. மற்றபடி சொல்லலாம். புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டம், 2008இன்படி நீங்கள் தரும் விவரத்தைப் புள்ளியியல் வேலைக்கு மட்டுமே பயன்படுத்த முடியும். ரேஷன் கார்டைப் பறிக்கவோ வருமான வரி போடவோ வரவில்லை. முட்டை, காய்கறி, மீன் எல்லாம் 7 நாள் கணக்கு. அரிசி, பருப்பு 30 நாள். துணிமணி, பள்ளிக் கட்டணம் 365 நாள். நேரம் பிடிக்கும், வேலை இருந்தால் மாலையில் வரச் சொல்லுங்கள், வருவார்.

கிராமத்தில் மோர் கொடுத்து உட்காரவைத்துப் பதில் சொல்கிறார்கள். பெரிய அடுக்குமாடிகளில் செக்யூரிட்டியைத் தாண்டுவதே பாடு. கார் வைத்திருப்போருக்குத் தனி அடுக்கு ஒதுக்கியும், அந்தக் கதவுகள் திறக்காததால் பணக்காரர்களின் செலவு குறைவாகவே பதிவாகிறது. ஏற்றத்தாழ்வு குறைகிறது என்று செலவு ஆய்வை மட்டும் காட்டி யாராவது சொன்னால், இந்த வாட்ச்மேனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.